ஈஸ்டருக்கு வலென்சியா

— வலென்சியாவா? நீயா?

— ஏன், நான் போகக் கூடாதா? சும்மா ஒரு யோசனைதான் சுன்னிவா. ஈஸ்டருக்கு நாம உரிச்சுத் திங்குற ஆரஞ்செல்லாம் அங்கேருந்துதானே வருது. ஒரு தடவையாச்சும் மரத்தடியில நின்னு தின்னு பாப்போமே.

— ஹல்வோர், ஜூலை மாசத்துலயே கம்பளி பனியன் போடுற ஆளு நீ. டென்மார்க் போனதுக்கே வெயில் மண்டையப் பொளக்குதுன்னு ஜன்னலச் சாத்திட்டுப் படுத்துக் கிடந்த.

— வயசாகுதில்ல. எலும்பு வெயில் கேக்குது.

— சரி, எலும்பக் கூட்டிட்டுப் போவோம். அங்க என்ன பாக்கப் போறோம்?

— கடல்.

— கடல் நம்ம தெருக்கோடியிலயும் இருக்கு.

— இது வேற கடல் பாரு. வெதுவெதுன்னு இருக்கும்.

— ஏப்ரல்லயா? சரி, வேற?

— வேற... சர்ச் இருக்கும். சந்தை இருக்கும். பழைய ஊரு பாரு, எல்லாம் இருக்கும்.

— ஓட்டல் கடலோரமா, ஊருக்குள்ளயா?

— அத நீ பாத்துச் சொல்லு. உனக்குப் பிடிச்ச மாதிரி.

— அப்படியா சங்கதி. ரொட்டி வாட்டுற மிஷின் வாங்குறதுக்கே ஒரு மாசம் ஆராய்ச்சி பண்ணின மனுஷன் நீ. இப்ப ஒரு ஊருக்குப் போகணும்ங்குற, அந்த ஊர்ல என்ன இருக்குன்னே உனக்குத் தெரியல.

— முதல் தடவை போற ஊரு. போய்த்தானே தெரிஞ்சுக்கணும்?

— எப்பக் கிளம்பணும்?

— குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள். திரும்புறது ஈஸ்டர் திங்கள். டிக்கெட்... டிக்கெட் எடுத்துட்டேன்.

— எடுத்துட்டியா! அப்புறம் என்ன யோசனை? அது சரியா நாம மலை வீட்டுல இருக்குற நாளாச்சே!

— ஒரு வருஷம் மலை வீட்டுக்குப் போகலைன்னா மலை கோவிச்சுக்குமா?

— நான் கோவிச்சுப்பேன். தொட்டில்ல கெடந்த காலத்துலேர்ந்து ஒரு ஈஸ்டர் தவறினதில்ல. அப்பா சாகுற வருஷம்கூட அவரப் பனிவண்டியில உக்கார வெச்சு இழுத்துட்டுப் போனோம். நீயும்தான் இழுத்த.

— இழுத்தேன்.

— என் பூவுக்கு யாரு தண்ணி ஊத்துவா? பால்கனியில மஞ்சப் பூ இப்பத்தான் மொட்டு விட்டிருக்கு. எல்லா வருஷமும் கூடவே மலைக்குக் கொண்டுபோய் மேசையில வெப்பேன்.

— அது வாடினா வாடட்டும்.

— என்ன சொன்ன?

— பூவப் பத்தி இப்ப என்ன பேச்சு? விடு.

— நீ ரெண்டு மாசமா பால்கனிப் பக்கமே வர்றதில்ல. காப்பிய சமையல்கட்டுல நின்னுக்கிட்டே குடிக்கிற. நான் கவனிக்கலன்னு நெனச்சியா?

— குளிரு.

— மைனஸ் பதினஞ்சுல அங்க உக்காந்து பேப்பர் படிச்சவன், ஏப்ரல்ல குளிருங்குற. ஹல்வோர், இங்க என் மூஞ்சியப் பாரு. பொம்பள விவகாரமா?

— அம்மா தாயே! என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?

— பிப்ரவரியில கூரைப் பனி தள்ளணும்னு தனியா மலைக்குப் போன. வந்ததும் வராததுமா உன் உடுப்ப நீயே துவச்ச. முப்பது வருஷத்துல அந்த மிஷினுக்கு எந்தப் பக்கம் கதவுன்னு உனக்குத் தெரியாது. அதுலயும் சோப்புத் தூளக் கொண்டுபோய் வேற குழியில போட்டு வெச்சிருந்த.

— நாத்தமா இருந்துச்சு, துவச்சேன். அது ஒரு குத்தமா?

— என்ன நாத்தம்?

— வேர்வை.

— புருவம் பாதி இல்லாம வந்த. கேட்டதுக்கு முடிவெட்டுற பையன் கை தவறிடுச்சுன்ன. நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன். பத்தாததுக்கு உன் நல்ல ஸ்கீ கட்டைங்க வீட்டுல காணோம். அத யார்கிட்டயும் தொடக்கூடக் குடுக்க மாட்ட.

— மலையில விட்டுட்டு வந்தேன். நீ ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கொலைக் கதை படிச்சுப் படிச்சு இப்படி ஆயிட்ட சுன்னிவா. போலீஸ்காரி தோத்தா போ.

— படிச்சது வீணாப் போகல. மலை வீட்டுச் சாவி எங்க? ஆணி காலியா இருக்கு.

— பூட்டு இறுகியிருக்கு. எண்ணெய் போட ஓட்வார்கிட்ட குடுத்திருக்கேன்.

— ஓட்வார் பக்கத்து மலை வீட்டுலயே இருக்கான், அவன்கிட்ட நம்ம சாவி ஒண்ணு எப்பவும் உண்டு. அந்த ஓட்வாரும் நான் போன் பண்ணினா எடுக்கறதில்ல. போன வாரம் எடுத்தான், குரல் கேட்டதும் இருமிட்டே வெச்சுட்டான். இப்பப் புரியுது எனக்கு.

— என்ன புரியுது?

— உனக்கு வலென்சியாவுல யாரும் இல்ல. நீ அங்க போகணும்னு துடிக்கல. நான் வேற எங்கேயோ போயிடக் கூடாதுன்னு துடிக்கிற.

— சுன்னிவா...

— மலை வீட்டுக்கு என்ன ஆச்சு?

— முதல்ல உக்காரு.

— நின்னுக்கிட்டே கேப்பேன். என்ன ஆச்சு?

— இல்ல.

— என்ன இல்ல?

— வீடு இல்ல. எரிஞ்சு போச்சு. அடுப்பும் புகைபோக்கியும் மட்டும் நிக்குது.

— அப்பாவோட அடுப்பு. அத அவர் முதுகுல கட்டிக்கிட்டு மேல ஏறினாரு தெரியுமா உனக்கு? தெரியும். எல்லாம் தெரியும் உனக்கு. எப்படி எரிஞ்சுச்சு?

— சாம்பல். காலையில அடுப்பைச் சுத்தம் பண்ணி வாளியில அள்ளி வாசல் பலகையில வெச்சேன். ஆறிடுச்சுன்னு நெனச்சேன். ஸ்கீ கட்டைங்கள சுவத்துல சாத்திட்டு, ஓட்வார் வீட்டுக்கு ஏணி கேக்க நடந்து போனேன். திரும்பி வர்றப்போ வாசல் பத்திக்கிட்டு கூரைக்கு ஏறிடுச்சு. உள்ள ஓடினேன். கைக்கு அகப்பட்டது காப்பிக் கெட்டில் ஒண்ணுதான். கார் டிக்கியில கெடக்கு, கரி புடிச்சு.

— சுத்தி ஆள் உயரத்துக்குப் பனி கெடக்கு. அதுல கொட்டக் கூடாதா?

— கொட்டியிருக்கணும்.

— இதெல்லாம் ஆகி இத்தனை வாரமா என்கூட ஒரே மேசையில உக்காந்து உருளைக்கிழங்கு தின்னுட்டு, வெயில் கேக்குது, ஆரஞ்சு தின்னலாம்னு... நீயெல்லாம் ஒரு ஆம்பளையா ஹல்வோர்? பயந்தாங்கொள்ளி! என் அப்பன் வீடு அது. வீடு எரிஞ்சத விட நீ வாய மூடிட்டிருந்ததுதான் எனக்கு வலிக்குது.

— திட்டு. நல்லாத் திட்டு.

— ஓட்வாரும் உடந்தை.

— அவன் காலப் புடிச்சுக் கெஞ்சினேன். அவனத் திட்டாத.

— இரு. சாம்பல்னா சாம்பல்தானே, அப்பா அதுக்குத்தானே தகர வாளி வெச்சிருந்தாரு? நெருப்போட கொட்டினாலும் ஒண்ணும் ஆகாது. மூடிகூட உண்டு. அது எப்படிப் பத்தும்?

— பிளாஸ்டிக் வாளியில கொட்டினேன்.

— பிளாஸ்டிக் வாளியிலயா! கிறுக்கா உனக்கு? நம்ம நார்வேயில பால்குடி மறக்காத புள்ளைக்கும் தெரியுமே!

— கிறுக்குதான். முட்டாள். அப்படியே வெச்சுக்கோ. இதோட பேச்ச விட்டுடு சுன்னிவா.

— விட மாட்டேன். தகர வாளி அடுப்புக்குப் பக்கத்துலயே இருக்குமே. அத ஏன் எடுக்கல?

— கேக்காத.

— ஏன் எடுக்கல?

— ஈஸ்டர் தாண்டட்டும், பூ வாடட்டும், அதத் தூக்கி எங்கேயாவது போட்டுட்டு அப்புறமாச் சொல்லலாம்னு இருந்தேன். நீ இந்தக் கேள்விக்கு வந்துடுவேன்னு தெரியும். வரக் கூடாதுன்னுதான் வலென்சியா, ஆரஞ்சு, எல்லாம்.

— எதத் தூக்கிப் போட்டுட்டு? ஹல்வோர், தகர வாளி எங்க?

— அக்டோபர்ல மலை வீட்டைப் பூட்டுறப்போ, மஞ்சப் பூக் கிழங்கு நட நல்லா இருக்கும்னு நீதான் அந்த வாளியக் கார்ல எடுத்து வெச்ச. புதுசு ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாம்ன. ரெண்டு பேரும் மறந்துட்டோம்.

— காலையிலதான்... இன்னைக்குக் காலையிலதான் அதுக்குத் தண்ணி ஊத்தினேன்.