ஆவாரம்பட்டைத் தண்ணீர்

ஆவாரைக்கு அதிகம் தண்ணீர் விடக்கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. வேர் அழுகிவிடும். விதைமேல் கொதிநீர் ஊற்றி ஊறவைத்து, ஆடி மழைக்கு முன் ஊன்றினால் போதும். ஆம்பூருக்கு வெளியே என் நிலம் தோல் பதனிடும் ஷாப்புக் கழிவில் உப்புப் பூத்துக் கிடந்தது. கேழ்வரகு வரவில்லை. ஆவாரை வந்தது, மஞ்சள் மஞ்சளாக.

தோல் ஷாப்பில் பட்டைத் தொட்டி வேலை பார்த்தவன் நான். பச்சைத் தோல் இரண்டு நாளில் நாறும். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறினால் எத்தனை வருஷமானாலும் அழுகாது. இது என் கையால் செய்து கண்டது. டாக்டர் சொல்வதெல்லாம் வாய்ப்பேச்சு.

என் மனைவி பாக்யலட்சுமிக்குச் சர்க்கரை. இடது காலில் புண். வீட்டுக்கு வந்து கட்டுப்போடும் நர்ஸ் எழிலரசி, "விரல எடுத்துட்டா கால் தப்பிச்சிக்கும் தாத்தா. வியாழக்கிழமை கூட்டினு வாங்க" என்றாள்.

"இன்னிக்கு விரலு, அப்பால முட்டி. இன்னாம்மா, தவணையில எடுப்பீங்களா?"

"பேஜார் பண்ணாதீங்க தாத்தா."

மறுநாள் ஆவாரங்கிளைகளை வெட்டினேன். அடிக்கட்டையை விட்டுவைத்தேன், மழைக்குத் துளிர்க்கும். பட்டையை உரித்து டிரம்மில் ஊறப்போட்டேன்.

ஆனால் சுண்ணாம்பில் போடாத தோலில் பட்டை ஏறாது. அதனால் முதலில் இரண்டு நாள் சுண்ணாம்பு. காலில் உணர்ச்சி செத்துவிட்டது என்று எழிலரசியே சொல்லியிருந்தாள், எனவே வலித்திருக்காது. பாக்யம் கத்தியது பயத்தில். கட்டிலோடு கட்டினேன், கால் அசையக்கூடாது என்பதற்காக. பிறகு பட்டைத் தண்ணீர், முதலில் இளசு, அப்புறம் கெட்டி.

"என்ன ஆஸ்பத்திரில வுட்டுடுய்யா. நீ வரத் தேவல, ஆட்டோல ஏத்திவுடு, போதும்" என்றாள்.

எழிலரசி தேடி வந்தபோது, பாக்யம் கலவை ஊரில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். உள்ளே அவள் வாயில் துண்டு இருந்தது.

ஐந்தாம் நாள் கால் பழுப்பேறி இறுகியது. தட்டினால் நல்ல தோலின் சத்தம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் உடம்பு மட்டும் நெருப்பாய்க் கொதித்தது. ஒன்பதாம் நாள் மூச்சு நின்றது.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். ஆனால் பட்டை முழுசாக ஏறப் பதின்மூன்று நாள் வேண்டும். இன்னும் நான்கு நாள் பொறுத்திருந்தால் பிழைத்திருப்பாள். அவளுக்கு எதிலும் அவசரம்தான்.