தூணுக்குள்ளே ஒரு சத்தம்

கும்மிடிப்பூண்டியில் கிளம்பிய மின்சார ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பேர். மஞ்சள் ஹெல்மெட்காரர் ஃபிட்டர். வெள்ளை ஹெல்மெட்காரர் அவருடைய சூப்பர்வைசர்.

"சார், புது ஃபாக்டரில மூணாவது தூண தட்டினா உள்ள கிலுகிலுன்னுது."

"உள்ள காலியா இருக்கிற பாக்ஸ் தூணு. சத்தம் வரத்தான் செய்யும்."

"காலியா கீறதுல இன்னா சார் உருளுது? நாங்க வெளிய நின்னுக்கினு போல்ட்ட முறுக்குறோம். உள்பக்கம் அதோட நுனி தானா விரிஞ்சி புடிச்சிக்கணும். புடிச்சிச்சான்னு யாரும் பாக்க முடியாது."

"டிராயிங்ல இருந்த சைஸுதான் வாங்கினேன்."

"அப்பறம் தூணுக்கும் பீமுக்கும் நடுவுல இன்னொரு பிளேட்டு சேத்தீங்களே. போல்ட்டு மட்டும் அதே நீளம். நுனி விரிய எடமில்லாம கழண்டு உள்ள வுழுந்துகீது. மேல மிஷின் ஏத்தப்போறீங்க, கீழ பேக்கிங் பொம்பளைங்க உக்காருவாங்க."

"எல்லாம் செக் பண்ணி கையெழுத்து போட்டாச்சிப்பா. உள்ள ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா, அந்த ஒரு தூணுக்குள்ள மட்டும் நாளைக்கு இன்னாத்துக்கு சார் காங்கிரீட்டு ஊத்த சொன்னீங்க?"

கவரைப்பேட்டை போயிற்று. வெள்ளை ஹெல்மெட்காரர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இத வேற யார்கிட்ட சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.