எந்தத் தும்பை?

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, காப்பகத்துத் தோழர்களே, மறைந்த நம் லென்ஸ் ஐயாவின் மகனே, மருமகளே, பின்னால் சுவரோரம் நிற்கும் தோட்டப் பணியாளர்களே! முதலில் நீங்கள் வந்து உட்காருங்கள். நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன. அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன் பேசிய பேராசிரியர், ஐயாவுக்குத் தும்பைப் பூப் போன்ற மனம் என்றார். அழகாகச் சொன்னார். ஆனால் ஐயா இந்த அறையில் இருந்திருந்தால் கையை உயர்த்தி, "எந்தத் தும்பை?" என்று கேட்டிருக்க மாட்டாரா?

சிரியுங்கள், தவறில்லை. வாழ்நாள் முழுக்க அவர் கேட்டது அதைத்தான். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இந்தக் காப்பகத்தின் தலைமைக் காப்பாளர் அவர். நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒரு கட்டுச் செடியோடு வந்து, "ஐயா, இது தும்பைதானே? சட்டுன்னு சொல்லுங்க, வண்டி நிக்குது" என்பார். "தும்பைதான். எந்தத் தும்பை? வண்டியை அனுப்பிட்டு உள்ள வாங்க" என்பார் ஐயா. நமக்கு, வழியோரத்தில் வெள்ளையாகப் பூத்தால் தும்பை. அவருக்கோ தும்பை ஒரு பேரினம். அதற்குள் ஊருக்கு ஊர் வேறு வேறு இனங்கள். பூவைத் தாங்கும் பச்சைக் கிண்ணம் இருக்கிறதே, அதைத்தான் கையைவிட்டு அகலாத அந்த லென்ஸை வைத்துப் பார்ப்பார். அதன் வாய் நேரா, சரிவா? விளிம்பில் பற்கள் எத்தனை?

அந்தக் கிண்ணம்தான் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. நான் இங்கே செடிகளைப் படம் வரைந்தவள். இதே காப்பகத்தில் பணிபுரிந்த என் கணவர், மலைச்சரிவில் வாய் சரிந்த கிண்ணத்தோடு ஒரு தும்பையைக் கண்டார். புதிய இனம் என்று அறிவித்தார். அதற்கு என் பெயரை வைத்தார். பெருமைப்பட்டேனா? பட்டேன். இன்றும் படுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, கோவிச்சுக்கக் கூடாது. உங்க பேர்ல இருக்கிற செடி தனிச் செடியே இல்லைன்னு தோணுது. சமவெளித் தும்பைதான். மலைக் காத்துல கொஞ்சம் கோணிக்கிச்சு."

"யாரு கோணிக்கிட்டது தம்பி? செடியா, நானா?"

உள்ளிருந்து என் கணவர் குரல் கொடுத்தார்: "அவனை முதல்ல அந்த லென்ஸைத் தொடைக்கச் சொல்லு!"

அந்தச் சண்டை என் கணவர் உயிரோடு இருந்தவரை ஓயவில்லை. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: தாளில் ஒருவர் ஒட்டிய பெயர்ச்சீட்டைக் கிழிக்கக் கூடாது, மறுப்பவர் தன் சீட்டை அதன் கீழே ஒட்ட வேண்டும். இருவரும் மாறி மாறி ஒட்டியதில், தாளில் செடிக்கே இடம் போதவில்லை!

என் கணவர் மறைந்தார். எதிர்த்துப் பேச ஆளில்லை. கடைசிச் சீட்டை ஐயா ஒட்டியிருக்கலாமே, ஏன் ஒட்டவில்லை? நானே கேட்டேன்.

"அண்ணன் இருந்தா சண்டைக்கு வந்திருப்பாரு. அவர் இல்லாதப்ப ஜெயிச்சா அது என்ன ஜெயிப்பு அண்ணி? செடியையே கேட்டுடுவோம்."

முழங்கால் வலியோடு மலையேறி விதை கொண்டுவந்தார்! சமவெளி விதையும் சேகரித்தார். தன் மொட்டைமாடித் தொட்டிகளில் இரண்டையும் விதைத்தார். ஒரே மண், ஒரே வெயில், ஒரே தண்ணீர். கீழே வளர்ந்தும் மலைச் செடியின் கிண்ணம் சரிந்தே இருந்தால், அது பிறவிக் குணம். என் கணவர் சொன்னது சரி. நேராகிவிட்டால், எல்லாம் காற்றின் வேலை. என் பெயர் தாங்கிய செடி என்று ஒன்று உலகத்தில் இல்லை.

மொக்கு விடும் முன்னே அவர் படுத்துவிட்டார். மருத்துவமனையில், நான் நலம் விசாரிக்கும் முன்பே, "அண்ணி, மொக்கு வெச்சிருச்சா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். "சரி, அவசரப்படுத்தாதீங்க" என்றார்.

அவர் மறைந்த சில நாட்களில் அவருடைய மருமகள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்: "அத்தை, மாடித் தொட்டியெல்லாம் ஒரே களையா மண்டிக் கிடக்கு. பிடுங்கிப் போட்டுடட்டுமா?"

"கை வெச்ச, எனக்குக் கெட்ட கோவம் வரும்! இதோ வர்றேன்!"

நல்ல பெண். கேட்டாளே! கேட்காமல் பிடுங்குகிறவர்கள்தான் அதிகம். ஐயாவின் படத்துக்குப் பக்கத்தில் மேசைமேல் இருப்பவை அந்தத் தொட்டிகள்தான்.

ஐயாவின் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சொன்னீர்கள். நான் எதைத் தொடர்வேன் என்று சொல்லிவிடுகிறேன். விரிவதை விரிந்தபடியே வரைவேன். வாய் சரிந்திருந்தால் சரிவாக வரைவேன். நேராக இருந்தால் நேராக வரைந்து, மறுப்புச் சீட்டை என் கையாலேயே என் பெயருக்குக் கீழே ஒட்டுவேன். என் கணவரும் வேறு எதையும் என்னிடம் எதிர்பார்க்க மாட்டார்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது எல்லாம் மொக்குகளாகத்தான் இருந்தன. இங்கே வந்து உட்கார்ந்த பிறகு கவனித்தேன்: இடக்கோடியில், மலை விதைத் தொட்டியில், ஒரு பூ விரிந்திருக்கிறது. கிண்ணம் எப்படி இருக்கிறது? இங்கிருந்து என் கண்ணுக்குத் தெரியவில்லை. கூட்டம் தொடங்கியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை!

ஆனால் தனியாகப் பார்க்க மாட்டேன். வாருங்கள், ஒவ்வொருவராக. பறிக்காதீர்கள். சன்னலை மறைத்து நின்று பூமேல் நிழல் விழச் செய்யாதீர்கள். கண்டதை மட்டும் சொல்லுங்கள். ஐயாவின் லென்ஸ் தொட்டிக்கு அருகிலேயே இருக்கிறது. அவர் மகன் முதலில் பார்க்கட்டும்.

அதற்கு முன் யாராவது அதை நன்றாகத் துடைத்துக் கொடுங்கள்.