நல்ல நெஞ்சுக்காரருக்கு ஒரு ஊசி

வேடியப்பன்: எனக்கில்ல நர்சம்மா. இதோ போத்திக்கினு கெடக்கறாளே என் சம்சாரம், இவளுக்குத்தான் நெஞ்சு வீக்கு.

வசந்தி: அப்டிங்களா... டாக்டரம்மா ‘ஊசி எடுத்துனு வேடியப்பன் வூட்டுக்குப் போ’ன்னு சொன்னாங்களே?

வேடியப்பன்: வூடு என்னுது. நெஞ்சு அவளுது.

வசந்தி: இன்னா பண்ணுது குப்பம்மாக்கா?

குப்பம்மா: அது வந்து... இன்னாய்யா பண்ணுது எனக்கு?

வேடியப்பன்: படுத்தா மூச்சு முட்டுது. ராவெல்லாம் செவுத்துல சாஞ்சி உக்காந்துதான் தூங்கறா.

குப்பம்மா: ஆமா, தூங்கறேன்.

வேடியப்பன்: நாலு எட்டு மேடு ஏறினா நின்னுடறா.

வசந்தி: காலையில தலைச்சுமையோட கொல்லைக் காட்டுலேர்ந்து மேடு ஏறி வந்தாங்களே, நான் பாத்தனே?

வேடியப்பன்: காலையில ஒண்ணும் இருக்காது. பொழுது சாயத்தான்...

வசந்தி: கால் வீங்குமே? காட்டுங்கக்கா... வெறும் எலும்புதான் இருக்குது. உங்க காலு இன்னாங்கண்ணே, அமுக்கினா குழி வுழுவுது?

வேடியப்பன்: கல்லு தடுக்கிச்சு.

வசந்தி: ரெண்டு கால்லயுமா?

வேடியப்பன்: பெரிய கல்லு.

குப்பம்மா: க்கும்...

வேடியப்பன்: நீ இருமு, பேசாத. ஊசிய அவளுக்குப் போட்டுட்டுப் போம்மா. மழக்காலத்து ஜுரத்துக்குத்தான இது?

வசந்தி: ஆமாங்க, அந்த ஃப்ளூ ஜுரம் வராம தடுக்க. நம்மள மாதிரி ஆளுக்கு வந்தா சளி, இருமல், போயிடும். நெஞ்சு வீக்கானவங்களுக்கு வந்தா மூச்சே நின்னுடும். டாக்டரம்மா வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்ச மருந்து. ஐஸ்ல வெச்சி மல ஏத்தினு வந்திருக்கேன், இந்த ஊருக்கு ஒண்ணே ஒண்ணு.

வேடியப்பன்: நல்லவேள எனக்கில்ல. ஆடியில உச்சிக் கோயிலுக்குக் கரகம் நாந்தான் தூக்கணும். எங்கப்பன் தூக்கினது, அவங்கப்பன் தூக்கினது. நெஞ்சு சரியில்லன்னு ஒரு வார்த்த வெளிய போச்சு, கரகச் செம்ப வேற தலைக்கு மாத்திடுவாங்க. அப்பறம் நான் இருந்து இன்னாத்துக்கு?

வசந்தி: ஓ, கரகமா...

வேடியப்பன்: இன்னாம்மா பாக்கற?

வசந்தி: ஒண்ணுமில்லண்ணே. சந்தவாசல், போளூருன்னு கீழ போய் வர்றது யாரு?

வேடியப்பன்: நாந்தான். புளி எடுத்துனு போவேன்.

வசந்தி: அப்ப ஜுரத்தத் தூக்கினு வர்றதும் நீங்கதான். உங்களுக்கு வந்தா அக்காவுக்குத் தொத்திக்கும். அதனால ஊசி உங்களுக்கு.

வேடியப்பன்: நோவு இருக்கறவளுக்கு இல்லியா?

வசந்தி: நல்லா இருக்கறவங்களுக்குத்தான். கூட இருக்கற ஆளு கெட்டியா இருந்தாதான் போடுவோம்.

வேடியப்பன்: கெட்டின்னா... என்ன வுட்டா இந்த மலயில யாரு இருக்காங்க? ந்தா, கை.

வசந்தி: மூச்ச இழுங்க... அவ்ளோதான்.

வேடியப்பன்: அவ்ளோதானா? கொசு கடிச்சாப்ல இருக்குது. குப்பு, ஒனக்காகத்தான்டி குத்திக்கினேன், மறந்துடாத. நான் மாட்டப் பாத்துட்டு வர்றேன்.

வசந்தி: மெள்ள போங்கண்ணே... போய்ட்டாரா?

குப்பம்மா: கொட்டாயத் தாண்டிட்டாரு. சிரிக்கறதுன்னா இப்ப சிரிச்சிக்கோ.

வசந்தி: சிரிப்பு வர்லக்கா, பயந்தான் வருது. ஜுரத்துக்கு ஊசி போட்டேன், மல ஏறறதுக்கு ஊசி இருக்குதா? தண்ணி ரொப்பின செம்போட உச்சிக்கு ஏறினா அந்த நெஞ்சு தாங்காது. நீங்களாவது ஊர்ல சொல்லிடுங்க.

குப்பம்மா: போன ஆடியிலயே சொல்லிட்டேனே. ஊருக்கே தெரியும்.

வசந்தி: தெரிஞ்சுமா தூக்க வுட்டாங்க?

குப்பம்மா: சொனையில முழுகிட்டு அவரு கண்ண மூடி நின்னாரு. வெறும் செம்புல பூவச் சுத்தி தலையில வெச்சிட்டாங்க, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. வழியெல்லாம் ஆளு மாத்தி ஆளு சாமியாடி மறிச்சு, அவர மூச்சு வாங்க வுட்டாங்க. உச்சிக்குப் போனதும் மனுசன் அழுதுட்டாரும்மா... ‘பாரமே தெரியலடி, ஆத்தாவே கூடத் தூக்கினு வந்தா’ன்னு. நான் இன்னாத்த சொல்ல? ‘ஆமாய்யா, ஆத்தாதான்’னேன்.