நழுவாத மேட்

உங்கள் சட்டைக் கையின் மடிப்பு பிரிந்து தொங்குகிறது, ஊசிநூல் இருந்தால் பேசி முடிப்பதற்குள் தைத்துக் கொடுத்துவிடலாம். நீங்கள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் என் மனசில் ஓடியது இதுதான், மேடம். சொல்லவில்லை. ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வந்தவரிடம் அப்படிச் சொன்னால் தப்பாகத் தெரியும். முப்பது வருஷமாகத் தைக்கிறவளுக்கு ஆளுக்கு முன்னால் துணிதான் கண்ணில் படுகிறது.

மேட்டைப் பற்றித்தானே கேட்டீர்கள்.

அது அக்காவின் ரெக்கார்ட் பிளேயர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. ரெக்கார்டைச் சுமந்து சுற்றும் கனமான தட்டின் மேல் வட்டமாக ஒரு ரப்பர் மேட் உண்டு. ரெக்கார்ட் அதன்மேல்தான் உட்காரும். நாற்பது வருஷத்து ரப்பர், காய்ந்து இறுகி, கண்ணாடி மாதிரி வழுக்க ஆரம்பித்திருந்தது. அந்த வழுக்கல்தான் எங்கள் வீட்டின் அழைப்பு மணி.

நாலு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் அசையும். நிஜ மணி ஒன்று வைத்துப் பார்த்தோம். பொத்தானை அழுத்தும் பலம் அவளுக்கு இல்லை. பிசியோதெரபிக்கு வருகிற பொண்ணுதான் வழி கண்டுபிடித்தாள். பிளேயரைக் கட்டிலை ஒட்டி வைத்து, அக்காவின் கையை அதன் ஓரத்தில் சாய்த்தால், விரல் நுனி ரெக்கார்டின் விளிம்பைத் தொடும். தொட்டால் போதும். தட்டு தன்பாட்டுக்குக் கீழே சுற்றும், ரெக்கார்ட் மட்டும் வழுக்கி நின்றுவிடும். பாடுகிறவரின் குரல் அடித்தொண்டைக்கு இறங்கி, உறுமி, அடங்கும். அது காதில் விழுந்தால் நான் எங்கே இருந்தாலும் ஓட வேண்டும். விழாதவரைக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் ஓடி முடிந்தால் போய்த் திருப்பிப் போடுவேன். இதுதான் ஏற்பாடு.

"காலம் பூரா ஊருக்கே லைன் போட்டுக் குடுத்தீங்க. இப்ப உங்களுக்கு நீங்களே ஒண்ணு போட்டுக்கிட்டீங்க, பெரியம்மா" என்று அந்தப் பொண்ணு சிரித்தாள். அக்காவின் கண்ணும் சிரித்தது.

அக்கா கெட்டவள் இல்லை. அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அப்பா போன பிறகு எனக்குத் தையல் மிஷின் வாங்கிக் கொடுத்தவள், கண்ணாடி போட வைத்தவள் எல்லாம் அவள்தான். படுக்கையில் விழுந்த பிறகும் பெரிதாக எதையும் கேட்டதில்லை. தலையணையைத் திருப்ப வேண்டும். ஜன்னலைச் சாத்த வேண்டும். சாத்தினால் திறக்க வேண்டும். மூக்கில் ஈ. ஒரு நாள் மார்க்கிங் சாக்பீஸால் துணி ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்று. நாலு வருஷத்தில் ஒரு பாட்டைக்கூட நான் முழுசாகக் கேட்டதில்லை. பாதியில் அறுந்த பாட்டு என்ன செய்யும் தெரியுமா, மேடம்? மிச்சப் பாதியைத் தேடி மண்டைக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கும்.

மேட்டின் ஓரம் பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்தது. மாற்றியே ஆக வேண்டும். அதில் என் விருப்பம் என்று எதுவும் இல்லை.

பழைய ரேடியோவும் பிளேயரும் ரிப்பேர் பார்க்கிற கடை. கடைக்காரர் வாய் ஓயாத மனுஷர். ஃபெல்ட், கார்க், தோல், ரப்பர் என்று நாலையும் மேஜையில் பரப்பினார். ஃபெல்ட்டைத் தடவிப் பார்த்தேன். நல்ல கம்பளி, சீரான அடர்த்தி.

"அதையே எடுத்துக்குங்கம்மா. ரெக்கார்டுக்கு மெத்தை போட்ட மாதிரி. என்ன, லேசாத் தொட்டாலே வழுக்கிடும்."

ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஓடுகிற ரெக்கார்டின் விளிம்பில் சுண்டுவிரலை வைத்தேன். ஃபெல்ட்டில் உடனே நின்றது. தோலில் நின்றது. கார்க்கில் கொஞ்சம் தயங்கி நின்றது. தடித்த ரப்பரில் நிற்கவில்லை. இன்னொரு தடவை வைத்தேன். நிற்கவில்லை.

"எல்லாரும் காதாலதான் செலக்ட் பண்ணுவாங்க. நீங்க என்ன, மோதிரத்துக்கு அளவு பார்க்கிற மாதிரி விரலை நீட்டிக்கிட்டு?"

"வீட்டுல தொட்டுக்கிட்டே இருக்கற ஆள் ஒண்ணு இருக்கு."

"குழந்தையா?"

"ஆமா."

"அப்ப கண்ண மூடிக்கிட்டு ரப்பரை எடுங்க. குழந்தை என்ன ஆட்டம் ஆடினாலும் பாட்டு அசையாது."

அவர் சொல்லித்தான் எடுத்தேன், மேடம்.

ஏன் சுண்டுவிரல் என்கிறீர்கள். அக்காவின் ஆள்காட்டி விரலில் என் சுண்டுவிரல் அளவுக்குத்தான் பலம் இருக்கும். அளவு பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை.

மேட்டைப் போட்ட அன்றைக்கே அக்கா விரலை வைத்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திரும்ப வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வாசலில்தான் நின்றிருந்தேன். "புது மேட், அக்கா. எவ்வளவு நேரா ஓடுது பாரு" என்றேன். அவள் பார்வையை எடுக்கவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள் என்று நினைத்துச் சாத்திவிட்டு வந்தேன்.

அவளை நான் பட்டினி போடவில்லை. வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தேன், துடைத்துவிட்டேன், பக்கம் முடியும்போதெல்லாம் போனேன். இருபத்து மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை. எந்த ஆஸ்பத்திரியில் அப்படி வந்து பார்க்கிறார்கள்? பிசியோதெரபி பொண்ணு அண்ணன் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் இருந்தாள். ஆமாம், கடைக்குப் போவதற்கு முன்பே அது எனக்குத் தெரியும்.

ஒன்பதாவது நாள், காலை பதினொரு மணி இருக்கும். திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். ரெக்கார்டைத் திருப்பிப் போட்டு வந்த ஏழாவது நிமிஷம், பாட்டு லேசாகத் தாழ்ந்தது. நடக்கிறவர் ஒரு படியைத் தவறவிட்டுச் சமாளித்துக்கொள்வது போல. பிறகு சரியாயிற்று. இன்னொரு முறை தாழ்ந்தது. மூன்றாவது முறை கொஞ்சம் நீளமாக. நான் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அதற்கப்புறம் பாட்டு கோடு கிழித்த மாதிரி நேராகப் போயிற்று. நாலு வருஷத்தில் முதல் தடவையாக, மிஷினை ஓட்டாமல் உட்கார்ந்து ஒரு பக்கத்தைக் கடைசி வரை கேட்டேன். முடிந்ததும் நூலை முடிந்து, கடித்து அறுத்துவிட்டுப் போனேன்.

தொண்டையில் சளி அடைத்துவிட்டது என்றார் டாக்டர். பக்கத்தில் ஆள் இருந்து ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தால் போதுமாம். என் தோளைத் தட்டி, நீங்கள் என்ன செய்வீர்கள் பாவம் என்றார்.

கேட்டதா என்றால், கேட்டது. ஆனால் நிற்கவில்லையே, மேடம். நின்றால் வர வேண்டும் என்பதுதானே ஏற்பாடு.

இப்போது எந்த ரெக்கார்டைப் போட்டாலும் ஏழாவது நிமிஷத்தில் பாட்டு மூன்று தடவை தாழ்கிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மோட்டாரில் குறையில்லை, பெல்ட் புதுசு, வேகம் கச்சிதம் என்றார். அவர் காதில் எதுவும் விழவில்லை. வீட்டுக்கு வந்தால் மறுபடி தாழ்கிறது. தாழ்ந்த மறுகணம் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். காலி கட்டில். ஒவ்வொரு தடவையும் ஓடுகிறேன். இதை யாரிடம் சொல்ல?

லீவு முடிந்து துக்கம் கேட்க வந்த பொண்ணு, பிளேயர் பக்கம் போய் விரலை வைத்துப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். நல்ல பொண்ணு. அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

இப்போது நீங்கள் பிளேயரை ஓடவிட்டுவிட்டு, கடையில் வைத்த மாதிரியே சுண்டுவிரலை விளிம்பில் ஒரு தடவை வைத்துக் காட்டச் சொல்கிறீர்கள். பதிவு செய்துகொள்ள வேண்டும், ஒரு நிமிஷ வேலை என்கிறீர்கள். நியாயம்தான். கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழாவது நிமிஷம் நெருங்குகிறது.

"எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன், மேடம். விரலை மட்டும் வைக்க மாட்டேன். அந்த இடத்துல ஏற்கெனவே ஒரு விரல் இருக்கு."