கடைசி இலக்கம்

எங்கள் அலுவலகத்தில் ஜன்னலோர இடத்துக்குப் போட்டி அதிகம். எனக்கு மட்டும் அது கேட்காமலே கிடைத்தது; என் பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை என்பதுதான் காரணம். குறையாகச் சொல்லவில்லை. கர்னல் வேலை அப்படி. கணினியின் அடிமட்டத்தில் ஓடும் நிரல் அது. ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. என்னையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். மனைவி பிரிந்து போனபின் வீட்டிலும் பேச்சுத்துணை கிடையாது. திங்கட்கிழமை லிஃப்டில் யாராவது எந்த மாடி என்று கேட்டால்தான் என் குரலை நானே கேட்பேன்.

நாங்கள் தயாரித்தது வென்டிலேட்டர். மூச்சுவிட முடியாதவர்களுக்கு மூச்சுக் கொடுக்கும் இயந்திரம். அதை இயக்கியதும் என் கர்னல் முதலில் இயந்திரத்தின் மூளையான பிராசசரிடம், நீ யார் என்று கேட்கும். பிராசசர் ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணை வைத்துத்தான் கர்னல் பிராசசரை நடத்தும்: எவ்வளவு வேகம், வேலையில்லாத கணத்தில் எவ்வளவு ஆழமாகத் தூங்க விடலாம், எல்லாம்.

புது பிராசசர் பொருத்திய இயந்திரங்கள் அபூர்வமாக உறைந்துபோயின. மூச்சுக் கொடுப்பது நின்றுவிடும், ஆனால் திரையில் எண்கள் அப்படியே நிற்கும், அலாரம் அடிக்காது. அதுவரை நர்ஸ்கள் எப்படியோ பார்த்துச் சமாளித்திருந்தார்கள். மேலாளரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் அருகில் உட்கார்ந்தார். சோதனைப் பிரிவுப் பெண் தினமும் வந்தாள். சாப்பாட்டு டப்பாவையும் என் மேசையில்தான் திறந்தாள்.

"சார், நீங்க இல்லேன்னா நாங்க அம்போதான்" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஒளிப்பானேன்.

காரணத்தை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். பழைய பிராசசரும் புதியதும் சொல்லும் எண்ணில் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. அந்த இலக்கத்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று எப்போதோ நான்தான் அதை விட்டுவிட்டு ஒப்பிடும்படி எழுதியிருந்தேன். அதனால் கர்னல் புதியதைப் பழையது என்றே நம்பி ஆழ்ந்து தூங்கவிட்டது. புதியதோ சில சமயம் எழுந்திருக்கவில்லை. ஒரே வரியில் சரியாகிவிடும். எழுதியும் வைத்தேன், என் கணினியில் மட்டும்.

வெளியிட்டால் மறுநாளே நாற்காலிகள் போய்விடும். எதற்கும் மின்சார சப்ளையைப் பார்த்துவிடலாமே என்றேன். அது பொய்யில்லை, ஒரு யோசனை. பிறகு சூட்டைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள்.

ஒருநாள் அவள் தாமதமாக வந்தாள்.

"அப்பாவ ஐசியூல சேர்த்திருக்கு, சார். நம்ம மிஷின்தான் வெச்சிருக்காங்க, புதுசு. வேற கம்பெனி மிஷின் கேக்கட்டுமா?"

கேள் என்று சொல்லியிருந்தால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டிருப்பாள். கெட்டிக்காரி.

"நம்ம மிஷின் மேல நமக்கே நம்பிக்கை இல்லேன்னா எப்படிம்மா? இருக்கறதே இருக்கட்டும்."

"நீங்க சொன்னா சரி, சார்."

அந்த ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் நின்றது. திரையில் எண்கள் நன்றாகவே இருந்ததால் நர்ஸ் கவனிக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. யாருக்கும் தவறு நேரலாம்.

காரியமெல்லாம் முடிந்து அவள் திரும்பி வந்தாள். வந்ததும் நேராக என் மேசைக்குத்தான் வந்தாள்.

"எப்படியாவது கண்டுபிடிங்க, சார். இன்னொரு வீட்டுல இப்படி ஆகக்கூடாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கண்டுபிடிச்சிடலாம்மா, உக்காரு" என்றேன்.

அன்றே வெளியிட்டிருக்கலாம் என்கிறீர்கள். இருக்கலாம்தான். ஆனால் அப்பாவைப் பறிகொடுத்த பெண்ணுக்கு அந்தத் தேடல் ஒன்றுதான் பிடிமானம். அதையும் பிடுங்கிக்கொண்டு வெறும் வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை. வெறும் வீடு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்காகத்தான் இன்னும் சில வாரம் தேடவைத்தேன். அந்த வாரங்களில் இதே இயந்திரத்தில் உயிர் போன மற்ற இருவரைப் பற்றியே இந்த விசாரணையில் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது, சார்.