கல் வீடும் பூசணிப் பாத்தியும்

வெர்னா: ...திரும்பிப் பாக்காதே ஹார்லன். வந்துட்டா.

ஹார்லன்: யாரு?

வெர்னா: யாரா? உங்க ஊராட்சித் தலைவரம்மா லூசில்தான். காரை நிறுத்திட்டு கண்ணாடியில முடியைச் சரி பண்ணிக்கிட்டு இருக்கா.

ஹார்லன்: அப்ப நான் கிளம்பறேன்.

வெர்னா: உக்காருய்யா. என் கடையில டோனட்டைப் பாதியில வெச்சிட்டுப் போனா எனக்குத்தான் அவமானம். அவளை அந்தக் கடைசி மேசைக்கு அனுப்பறேன்.

ஹார்லன்: உனக்குத் தெரியாததா? ஊராட்சி போர்டுல என்னையும் சேத்து மொத்தமே மூணு பேர். மெர்ல் இன்னும் ஃபிளோரிடாவுல வெயில் காயறான். நானும் லூசிலும் ஒரே இடத்துல உக்காந்து ஊர் விஷயம் பேசினா, சட்டப்படி அது ஊருக்குச் சொல்லாம நடத்தற திருட்டுக் கூட்டம். போன வருஷம் பத்திரிகைக்காரன் எங்களைக் கிழிச்சுத் தொங்கவிட்டான்ல?

வெர்னா: மறப்பேனா! சர்ச் விருந்துல ரெண்டு பேரும் உருளைக்கிழங்கு சாலட் பக்கத்துல நின்னு குசுகுசுன்னு பேசினீங்க.

ஹார்லன்: உப்பு தூக்கலா இருக்குன்னு சொன்னேன், அவ்வளவுதான்!

வெர்னா: சாலட்டுல போட்ட உப்பா, பனிக்கு ரோட்டுல கொட்டற உப்பான்னு அவன் ரெண்டு பத்தி எழுதினான் பாரு... இன்னும் வெட்டி வெச்சிருக்கேன்.

லூசில்: வெர்னா, நல்லா இருக்கியா? அடடா, ஹார்லனும் இங்கதான் இருக்கானா? நான் கவனிக்கவே இல்லை.

வெர்னா: அவன் வண்டிக்குப் பக்கத்துலதானே உன் காரை நிறுத்தினே?

லூசில்: நிறுத்தினா? சேறு அப்பின வண்டி ஊர்ல ஆயிரம் இருக்கு. எனக்குக் காபி.

வெர்னா: அந்த மூலைக்குப் போ. முதுகைக் காட்டி உக்காரு. சட்டம் பிழைக்கட்டும்.

லூசில்: ஆப்பிள் டோனட் இருக்கா?

வெர்னா: கதவுல பலகை மாட்டியிருக்கேனே, தீர்ந்து போச்சுன்னு. கடைசி ரெண்டையும் இந்த மகராசன் முழுங்கிட்டான்.

லூசில்: ஆமா, பாத்தேன்... அந்தப் பலகைக்குக் கீழ ஏதோ காகிதம் ஒட்டியிருந்த மாதிரி...

வெர்னா: எவனோ நேத்து ஒட்டிட்டுப் போயிருக்கான். கோழி விருந்தோ, காணாமப் போன நாயோ... யாரு படிச்சா? அதுக்கு மேலயே மாட்டிட்டேன்.

ஹார்லன்: படிக்கவே இல்லையா?

வெர்னா: கண்ணாடியைக் காணோம், எங்கேருந்து படிக்கிறது?

ஹார்லன்: உன் தலை மேலதான் இருக்கு.

வெர்னா: அட... இங்க இருக்கா. லூசில், போனை ஏன் மேசை நடுவுல நிமித்தி வெச்சிருக்கே?

லூசில்: என் மகள் கூப்பிடுவா.

வெர்னா: சரி சரி. நீ என்னய்யா ஜன்னலையே பாக்கறே?

ஹார்லன்: உன் கொல்லைப்புறம் பன்னி புகுந்த மாதிரி கிளறிக் கிடக்கே, என்ன ஆச்சு?

வெர்னா: தண்ணிக் குழாய் உடைஞ்சு போச்சு. அதை விடு. இன்னைக்கு ராத்திரி உங்க ஹால்ல என் தலையெழுத்தை எழுதப் போறீங்க. அதுக்கு என்ன சொல்றீங்க, ரெண்டு பேரும்?

ஹார்லன்: ஒண்ணும் சொல்லக் கூடாது.

லூசில்: நானும்தான்.

வெர்னா: நீங்க பேசக் கூடாது. நான் பேசலாம்ல? நான் என்ன போர்டா? நான் பொதுஜனம்.

லூசில்: பொதுஜனம் பேசலாம். மூணு நிமிஷம்.

வெர்னா: என் கடையில எனக்கே மூணு நிமிஷமா!

லூசில்: பழக்க தோஷம், வாயில வந்துடுச்சு. நீ பேசு. பேரு, விலாசம் சொல்லிட்டுப் பேசு.

வெர்னா: அதுவும் பழக்க தோஷமா? சரி, வெச்சுக்கோ. வெர்னா ஸ்டௌட். பழைய தேசியச் சாலை, கல் வீடு, டன்லப் கிராசிங், ஓஹையோ. போதுமா?

லூசில்: போதும். நல்லா கேட்டுது.

வெர்னா: ஹைவேயிலேருந்து இறங்கற பாதையை மாத்தணும். அதுல எனக்கு ஆட்சேபணை கிடையாது. லாரிங்க இறக்கத்துல வரிசை கட்டி நின்னு, பின்னாடி ஹைவே வரைக்கும் அடைச்சுக்குது. அந்த மூடுபனிக் காலையில...

ஹார்லன்: வேண்டாம் வெர்னா.

வெர்னா: சொல்லியே ஆகணும். நீ தீயணைப்பு வண்டியில போய் அந்தப் பொண்ணை நசுங்கின கார் தகரத்துக்குள்ளேருந்து வெட்டி எடுத்தே. நான் காபி கொண்டு வந்தேன். அதை நீ உன் சட்டையிலதான் கொட்டிக்கிட்டே. பாதையை மாத்த வேண்டாம்னு நான் என்னைக்காவது சொன்னேனா?

ஹார்லன்: இல்லை. நீ சொல்லல. இனிமே ஒரு பொண்ணை அப்படித் தூக்க என்னால ஆகாது. எப்படியாவது மாத்தியே தீரணும்.

வெர்னா: எப்படிங்கறதுதான் என் கேள்வி. மாநிலத்துக்காரன் ரெண்டு வரைபடம் கொடுத்திருக்கான். ஒண்ணுல பாதை நேரா என் சமையலறை வழியா போகுது. என் அடுப்பு இருக்கிற இடத்துல சிக்னல் விளக்கு. இன்னொண்ணுல எதிர்ப்பக்கம் ஒரு ரவுண்டானா.

லூசில்: ரெண்டுமே விபத்தைக் குறைக்கும்னு இன்ஜினியர் எழுதிக் கொடுத்திருக்கார். அது... பேப்பர்லயே வந்த விஷயம். நான் பேசல.

வெர்னா: பேசாமலே நல்லா பேசறே. சரி, என் வீட்டை இடிச்சா ஒரு வெண்கலப் பலகை வெப்பாங்களாம். 'குதிரை வண்டிகள் சுங்கம் கட்டிய கல் வீடு இங்கே இருந்தது'ன்னு. யாருக்கு வேணும் அந்தப் பலகை? இருந்ததுன்னு எழுதறதுக்கு இடிக்கணுமா? இருக்குன்னு எழுதிட்டுப் போயேன்! மேற்கே போன அத்தனை குடும்பமும் இந்த ஜன்னல்லதான்யா காசு கொடுத்துட்டுப் போச்சு. என் புருஷன் போன பிறகு இந்தச் சுவர்தான் எனக்குத் துணை. இதை இடிச்சா நான் செத்துற மாட்டேன். ஆனா... ரொம்ப நாள் அழுவேன். அவ்வளவுதான்.

ஹார்லன்: இன்னும் கொஞ்சம் காபி ஊத்து.

வெர்னா: உன் கப் நிறைய இருக்கு.

ஹார்லன்: ஓ.

லூசில்: பொதுஜனத்துக்கிட்ட ஒரு கேள்வி. எதிர்ப்பக்கம்னா யாரோட நிலம்?

வெர்னா: தெரியாத மாதிரி கேக்கறா பாரு! இதோ உக்காந்திருக்கானே, இவனோட பூசணிப் பாத்தி. திருவிழாவுல கிரேன் வெச்சுத் தூக்குற பூசணி. ராத்திரி குளிரடிச்சா அதுக்குப் போர்வை போத்தி விடுவான். ஒரு தடவை மழைக்குக் குடையும் பிடிச்சான்.

ஹார்லன்: ஆலங்கட்டி மழை அது!

வெர்னா: நீ தலையில வாங்கிக்கிட்டே, பூசணி நனையாம நின்னுச்சு. ஊரே பாத்துச்சு.

லூசில்: போன மாசம் நீதானே சொன்னே, அவன் பாத்தியில கை வெச்சா சாவியை மேசையில எறிஞ்சுட்டு உன் மகன் வீட்டுக்குப் போயிடுவேன்னு?

வெர்னா: சொன்னேன். அந்த மண்ணை இவன் எப்படிச் சேத்தான்னு எனக்குத் தெரியும். மீன் கழிவு, இலைச் சருகு, என் கடைக் காபி மண்டி... தினம் காலையில வாளியைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பான். வாளிக்குள்ள பாதி மண்டி. மீதி இவன் வழிசல்.

ஹார்லன்: நான் வழியல.

வெர்னா: அப்படியா? சரி, பொதுஜனம் ஒரு கேள்வி கேக்கலாமா?

லூசில்: கேளு. பதில் சொல்றது அவன் இஷ்டம்.

வெர்னா: நீ தினமும் இங்க எதுக்கு வர்றே? காபி மண்டிக்கா, டோனட்டுக்கா, இல்லை எனக்காகவா?

ஹார்லன்: இது என்ன கேள்வி... லூசில் இருக்கா.

லூசில்: நான் முதுகைக் காட்டித்தான் உக்காந்திருக்கேன்.

ஹார்லன்: ...மூணுக்கும்தான்.

வெர்னா: காதுல விழல.

ஹார்லன்: மூணுக்கும்! ஆனா மண்டி பக்கத்து ஊர்லயும் கிடைக்கும்.

வெர்னா: டோனட்?

ஹார்லன்: அதுவும் கிடைக்கும். விலையும் கம்மி.

வெர்னா: பாவி. அப்புறம்?

ஹார்லன்: அப்புறம் என்ன அப்புறம்? நீயே கணக்குப் போட்டுக்கோ.

வெர்னா: எனக்குக் கணக்கு வராது. கொஞ்சம் லூசில் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து, முழுசாச் சொல்லு.

ஹார்லன்: லூசில் பக்கம் எதுக்கு?

வெர்னா: சும்மா சொல்லேன்!

ஹார்லன்: உனக்காகத்தான் வர்றேன் வெர்னா. போதுமா? அறுபத்தஞ்சு வயசுல காது சூடாகுது, பாரு.

வெர்னா: ம்... போதும். இந்தா, துடைச்சுக்கோ, சர்க்கரை ஒட்டியிருக்கு.

லூசில்: ஹார்லன், உன்னை ஒண்ணு கேக்க வேண்டியிருக்கு. இந்தக் கட்டடத்துல உனக்குச் சொந்த நலன் ஏதாவது இருக்கா?

ஹார்லன்: கட்டடத்துல இல்லை.

லூசில்: கட்டடத்துக்குள்ள?

ஹார்லன்: லூசில்!

லூசில்: சட்டம் மனைவி, மக்கள், வியாபாரப் பங்குன்னுதான் கேக்குது. மனசைப் பத்தி ஒரு வரிகூட இல்லை. தப்பிச்சே.

வெர்னா: ஏய், நீங்க ரெண்டு பேரும் இப்ப நேருக்கு நேரா பேசறீங்க! பத்திரிகைக்காரன் வந்துடப் போறான்.

லூசில்: வந்தா வரட்டும். அவனுக்கும் முறைப்படி சொல்லியாச்சு. அவன் மீன் பிடிக்கப் போயிட்டான்.

வெர்னா: என்ன சொல்லியாச்சு?

ஹார்லன்: லூசில், முதல்ல ஓட்டெடுப்பை முடி. எனக்கு வேர்க்குது.

லூசில்: சரி. தீர்மானம். ஹார்லன் தன் பூசணிப் பாத்தியை ரவுண்டானாவுக்காக ஊராட்சிக்கு இனாமா எழுதிக் கொடுத்ததை ஏத்துக்கறோம். கல் வீட்டைப் பழமைச் சின்னமா அறிவிச்சு, அதுல ஒரு கல்லைக்கூட நகத்தக் கூடாதுன்னு மாநிலத்துக்கு எழுதறோம். நான் ஆதரவு.

ஹார்லன்: நானும் ஆதரவு.

லூசில்: நிறைவேறிடுச்சு. கூட்டம் முடிஞ்சுது.

வெர்னா: இனாமாவா? பைத்தியமாய்யா நீ?

ஹார்லன்: பணம் வாங்கியிருந்தா நான் ஓட்டுப் போட முடியாது. ஓட்டுப் போடலைன்னா லூசில் ஒருத்தியால தீர்மானம் போட முடியாது. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் போகலைன்னா மாநிலத்துக்காரன் உன் சமையலறையை எடுத்துக்குவான். அதான்.

லூசில்: ராத்திரிக் கூட்டம்னு நீயா நினைச்சுக்கிட்டே. நாங்க திருத்தல. ஹால் கூரை ஒழுகுது, கூட்டம் மதியம் கல் வீட்டுக் கடையிலன்னு நேத்தே ஊராட்சிக் கதவுலயும் உன் கதவுலயும் ஒட்டினேன். இதுவரைக்கும் இங்க நடந்ததெல்லாம் சட்டப்படி பொதுக் கூட்டம். இந்தப் போன்ல எல்லாம் பதிவாயிருக்கு.

வெர்னா: எல்லாமேவா?

லூசில்: வழிசல்லேருந்து காது சூடானது வரைக்கும். ஊராட்சிப் பதிவை அழிக்கவும் கூடாது. உன் வீடு மாதிரிதான், இனி யாராலயும் இடிக்க முடியாது.

ஹார்லன்: மன்னிச்சுக்கோ வெர்னா. முன்னாடியே சொல்லியிருந்தா நீ சாவியை எறிஞ்சிருப்பே. உன்கிட்ட மறைச்சது தப்புதான். நல்லவேளை, நீயும் பலகையை மாட்டி அந்த நோட்டீஸை மறைச்சுட்டே. படிச்சிருந்தா காரியம் கெட்டிருக்கும்.

வெர்னா: படிக்கலைன்னு யாருய்யா சொன்னா?

ஹார்லன்: நீதானே... கண்ணாடியைக் காணோம்னு...

வெர்னா: நேத்து மூணு தடவை படிச்சேன். நான் படிச்சது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் பலகையை மாட்டினேன்.

லூசில்: அடிப்பாவி! அப்ப பேரு, விலாசம் எல்லாம்...

வெர்னா: தெளிவா சொன்னேன்ல? அந்தக் கேள்வியும் சும்மா கேக்கல. டோனட்டுக்காகத்தான்னு இவன் சொல்லியிருந்தா, நிலத்தை வாங்காதேன்னு அப்பவே மேசையைத் தட்டியிருப்பேன். தெரியாமலா முழுசாச் சொல்லச் சொன்னேன்?

ஹார்லன்: நான்தான் ஏமாந்தவனா... பரவாயில்லை. நாத்து எல்லாம் வீட்டுல தொட்டியில இருக்கு. இந்த வருஷம் யாருக்காவது கொடுத்துடறேன்.

வெர்னா: எவனுக்காவது கொடுத்தே, தொலைச்சிடுவேன்.

ஹார்லன்: நடறதுக்கு மண்ணு எங்க இருக்கு வெர்னா?

வெர்னா: குழாய் ஒண்ணும் உடையலைய்யா. குதிரைங்க சுங்கத்துக்குக் காத்து நின்னு காலங்காலமா சாணி போட்ட கொல்லை அது. நோட்டீஸைப் படிச்ச கையோட ஆளை வெச்சு உழுதுட்டேன். போய் நாத்தை எடுத்துட்டு வா... போர்வையையும் எடுத்துட்டு வா.